உங்கள் வேலையைத் திருத்தப்போவது யார்?

கேள்வி:

ஐயா, நான் பி.காம். முடித்தவள். சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பையும் இந்த முறை தாண்டிவிட்டேன். ஊர் பல்லடம் பக்கம். அப்பா எட்டு மெஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறார். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறோம். திருப்பூரிலேயே ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. ஆவதற்குக் கட்டாயமான பயிற்சி வேலை, தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பார்ட்னர்கள், பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். கல்லூரித் தோழி ஒருத்தி சென்னையில் பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள். "ஊரில் சேர்ந்தால் இரண்டு வருடமும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டே ஓடிவிடும், பிறகு நல்ல கம்பெனி எதுவும் உன்னைத் திரும்பிப் பார்க்காது" என்கிறாள். அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. "நம்ம ஊர்க் கம்பெனிக் கணக்கெல்லாம் இனி உனக்கு அத்துப்படி" என்கிறார். ஒரிஜினல் மார்க் ஷீட்டை ஆபீஸில் கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள். சேரலாமா? சேர்ந்தால் முதல் சில மாதங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு வாசகி, பல்லடம்

பதில்:

முதலில் மார்க் ஷீட். அதைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ஒரிஜினலைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். பிள்ளைகள் பாதியில் ஓடிவிடுவார்கள் என்ற பயத்தில் சில ஆபீஸ்கள் இதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கின்றன. உங்களையும் பிரின்சிபலையும், அதாவது உங்களைப் பயிற்சிக்கு எடுக்கும் ஆடிட்டரையும், கட்டுவது ஆர்ட்டிகிள் ஒப்பந்தமும், சேர்ந்த 30 நாளுக்குள் சி.ஏ. இன்ஸ்டிடியூட்டுக்குப் போக வேண்டிய 103-ஆம் படிவமும்தான். பணிவாகச் சொல்லிப் பாருங்கள். "சரி, நகல் போதும்" என்று விட்டுவிட்டால் அதை மறந்துவிடலாம். பிடிவாதம் பிடித்தால், தன்னிடம் பிள்ளைகள் ஏன் தங்குவதில்லை என்று அந்த ஆபீஸ் ஒருநாளும் யோசித்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு இடம் பாருங்கள்.

உங்கள் தோழி சொன்னது பாதி உண்மை. ஊர் ஆபீஸில் மாதம் தேதிகளால் ஓடுகிறது. 7-ஆம் தேதி டி.டி.எஸ்., அதாவது பிடித்த வரி, கட்ட வேண்டும், 11-ஆம் தேதி விற்பனையைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்ன், 15-ஆம் தேதி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கட்டும் 3பி ரிட்டர்ன். இருபதாம் தேதி சாயங்காலம் அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓர் ஆர்ட்டிகிள் பையன் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "அண்ணா, ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கெஞ்சிக்கொண்டிருப்பான். அந்த அண்ணன் சென்னிமலையில் படியேறிக்கொண்டிருப்பார், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு. இந்த வேலையில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கற்றுக்கொள்ள இருப்பது ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். ஏழாவது மாதமும் அதே நாற்காலி, அதே போர்ட்டல் என்றால் அங்கே இருப்பவருக்குப் பெயர் ஆர்ட்டிகிள் இல்லை, சம்பளம் குறைந்த அக்கவுண்டன்ட்.

உங்கள் தோழி சொல்லாமல் விட்ட மறுபாதியும் இருக்கிறது. சென்னைப் பெரிய நிறுவனத்தில் பங்குச் சந்தையில் உள்ள ஒரு லிஸ்டட் கம்பெனி ஆடிட்டுக்குப் போனால், அதில் உங்களுக்கு என்று நிலையான சொத்துப் பட்டியல் மட்டும் ஒதுக்கப்படலாம். அந்தப் பட்டியலை நீங்கள் பிரமாதமாக முடிப்பீர்கள். அடுத்த மாதம் வேறு கம்பெனி, அதே சொத்துப் பட்டியல். கம்பெனி என்ன தயாரிக்கிறது என்றே தெரியாமல் இரண்டு வருடம் முடித்தவர்களை நான் நேர்முகத் தேர்வில் பார்த்திருக்கிறேன். ஊரில் ரிட்டர்ன், நகரத்தில் சொத்துப் பட்டியல். சிக்கிக்கொள்ள வேண்டும் என்றால் எங்கே வேண்டுமானாலும் சிக்கிக்கொள்ளலாம்.

ஆகவே "ஊரா, சென்னையா" என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் செய்யும் வேலையை யார் படித்துப் பார்த்துத் திருத்தப்போகிறார்?

நான் ஆர்ட்டிகிளாக இருந்தது தொண்ணூறுகளில், திருப்பூரில், நீங்கள் சொல்வதைப் போன்ற ஒரு சின்ன ஆபீஸில். அப்போது மூன்று வருடம். ஓர் ஏற்றுமதி கம்பெனியின் ஃபைலை என்னிடம் கொடுத்தார்கள். சாயப்பட்டறைக்குப் போன துணியையும் திரும்பி வந்த துணியையும் சலான் சலானாக, அதாவது சரக்கோடு போகும் சீட்டு ஒவ்வொன்றாக, ஒப்பிட வேண்டும். 500 கிலோ போன இடத்தில் 470 கிலோ வந்திருந்தது. அடுத்ததிலும் குறைவு, அதற்கடுத்ததிலும் குறைவு. எனக்குக் கை பரபரத்தது. பெரிய திருட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பு. "30 கிலோ குறைவு, விளக்கம் தேவை" என்று பன்னிரண்டு இடத்தில் எழுதி, கோடு போட்டுப் பிரின்சிபல் மேசையில் வைத்தேன். மறுநாள் ஃபைல் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் பச்சை மையில் ஒரே வரி: "பட்டறைக்குப் போனாயா?"

போனேன். நீராவியும் சோடா நெடியுமாக இருந்த அந்தக் கொட்டகையில், முழங்கால் வரை நனைந்து நின்ற ஃபோர்மேனிடம் என் பன்னிரண்டு குறைவுகளைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "துணியை வெளுக்கும்போது பஞ்சில் இருக்கிற மெழுகும் எண்ணெய்ப் பசையும் போய்விடும், இழையும் கொஞ்சம் உதிரும். எடை குறையாமல் எப்படித் தம்பி வரும்?" வெட்கத்தோடு திரும்பி வந்து பன்னிரண்டு குறிப்பையும் அடித்தேன். பிரின்சிபல் அதே ஃபைலைப் பிரித்து, நான் டிக் போட்டுத் தாண்டிப் போயிருந்த ஒரு சலானில் விரலை வைத்தார். 500 கிலோ போயிருந்தது, 500 கிலோ வந்திருந்தது. "இதை ஏன் விட்டாய்?" "அது சரியாக இருந்தது ஐயா." "அதுதான் சரியாக இல்லை" என்றார். விசாரித்தால், வந்த துணியை அன்றைக்கு யாரும் எடை போடவே இல்லை. போன சலானைப் பார்த்து வந்த சலானை எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு பட்டறைக்கு மட்டும் பல மாதமாக அப்படியே நடந்துகொண்டிருந்தது.

இப்போதும் வித்தியாசமே இல்லாத கணக்கைப் பார்த்தால் எனக்கு உள்ளே ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தல் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. பச்சை மையிலிருந்து வந்தது. அன்று அந்த மனிதர் ஃபைலைப் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், பன்னிரண்டு அசட்டுக் கேள்வியோடு நான் கம்பெனி வாசலில் போய் நின்றிருப்பேன். உண்மையான ஓட்டை ஓட்டையாகவே இருந்திருக்கும்.

இப்படித் திருத்தும் ஆள் அந்த ஆபீஸில் இருக்கிறாரா என்று வெளியில் இருந்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். போன வருடம் அங்கே முடித்துவிட்டுப் போன ஆர்ட்டிகிள் யார் என்று கேட்டு, அவரைத் தேடிப் பிடியுங்கள். திருப்பூரில் இன்ஸ்டிடியூட் கிளை இருக்கிறது. நாலு மாணவர்களை விசாரித்தால் கிடைத்துவிடுவார். அவரிடம் "ஆபீஸ் எப்படி" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கும்" என்பார், அத்தோடு முடிந்துவிடும். "நீங்கள் கடைசியாகச் செய்த ஆடிட்டில் பார்ட்னர் எதைத் திருத்தினார்?" என்று கேளுங்கள். சட்டென்று ஒரு கதை சொன்னால் நல்ல ஆபீஸ். யோசித்து யோசித்து ஒன்றும் வரவில்லை என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பார்ட்னரிடமே நேரில் கேட்க வேண்டியவையும் உண்டு: எத்தனை கம்பெனிகளுக்குச் சட்டப்படி கட்டாயமான ஸ்டாச்சுட்டரி ஆடிட் செய்கிறீர்கள், ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட் வருகிறதா, ஸ்டாக் எடுக்க ஆர்ட்டிகிள்களை அனுப்புவீர்களா, ரிட்டர்ன் வேலைக்குத் தனியாகப் பணியாளர்கள் இருக்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு "இருக்கிறார்கள்" என்று பதில் வந்தால் உங்கள் தோழியின் பயத்தில் முக்கால்வாசி தீர்ந்தது.

ஆபீஸுக்கு வரவே வேண்டாம், பெயரை மட்டும் பதிவு செய்துகொள்கிறோம், வீட்டில் உட்கார்ந்து ஃபைனலுக்குப் படி என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்ஸ்டிடியூட் அதை ஒழுங்கீனமாகவே பார்க்கிறது, இரு தரப்புக்கும். அப்படிச் செய்ய இப்போது காரணமும் இல்லை. 2023 ஜூலை 1 முதலான புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டே வருடம். அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும். அந்த ஆறு மாதம் படிப்பதற்கு என்றே விட்டது. அதற்கு விலையாக விடுமுறையைக் குறைத்துவிட்டார்கள்: வருடத்துக்குப் பன்னிரண்டு நாள். வேலை நேரம் வாரத்துக்கு 35 மணி என்று விதி சொல்கிறது. டாக்ஸ் ஆடிட் கெடு செப்டம்பர் 30. அந்த மாதத்தில் விதி சொல்வதைக் கேட்கும் ஆபீஸை நான் இன்னும் பார்க்கவில்லை. வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உதவித்தொகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்பார்கள். ஊரின் மக்கள்தொகையை வைத்து இன்ஸ்டிடியூட் ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறது. அதைக் கேட்டால் சிரிப்பு வரும். பெரிய நிறுவனங்கள் நிறையவே கூடுதலாகத் தருகின்றன. சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதைப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். எவ்வளவாக இருந்தாலும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், கையில் வேண்டாம்.

திருப்பூர் என்பதால் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு டி-ஷர்ட் தூத்துக்குடியில் கப்பல் ஏறுவதற்குள் நூலாக ஒருவரிடமும், நிட்டிங்கில் ஒருவரிடமும், சாயத்தில், காம்பாக்டிங்கில், பிரிண்டிங்கில், தையலில் என்று ஏழெட்டுக் கூரைக்கு அடியில் போய்வருகிறது. ஒவ்வொரு கூரைக்கும் ஒரு முதலாளி. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு டெலிவரி சலான். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜி.எஸ்.டி. சட்டம் எடுத்துக்கொள்ளும். இது பாடப் புத்தகத்தில் இரண்டு பத்தி. திருப்பூரில் உயிருள்ள விஷயம். எந்தச் சந்தில் திரும்பினாலும் யாருடைய துணியோ யாருடைய டெம்போவிலோ போய்க்கொண்டிருக்கிறது. மேலே ஏற்றுமதிக் கணக்கு வேறு: கட்டிய சுங்க வரியைத் திரும்ப வாங்கும் டியூட்டி டிராபேக், ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்ய எழுதிக் கொடுக்கும் எல்.யு.டி., வங்கியில் டாலர் வந்து சேர்ந்ததற்கான சான்று. இதையெல்லாம் ஒரே ஃபைலில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்கும் வாய்ப்பு பெரிய நிறுவனத்தில் இரண்டாம் வருட ஆர்ட்டிகிளுக்குச் சுலபத்தில் அமையாது.

இன்னொரு பாடமும் ஊர் ஆபீஸில் இலவசம். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு நூறு மெஷின் போட்ட ஒருவர் உங்கள் முன்னால் உட்கார்ந்து, "நான் பில்லுக்குப் பணம் கொடுத்துவிட்டேன் அம்மணி. அவன் ரிட்டர்ன் போடாததற்கு எனக்கு ஏன் இன்புட் வராது?" என்று கேட்பார். இன்புட் என்பது வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. நியாயமான கேள்விதான். பிரிவு எண்ணைச் சொன்னால் அவர் எழுந்து பார்ட்னர் அறைக்குப் போய்விடுவார். விற்றவர்கள் போட்ட ரிட்டர்னிலிருந்து போர்ட்டல் தரும் 2பி பட்டியலில் அந்த பில் ஏறவில்லை, ஏறாததை எடுத்தால் நாளைக்கு வட்டியோடு நோட்டீஸ் வரும், இனி அந்தக் கடைக்காரருக்கு வரித் தொகையை மட்டும் நிறுத்திவைத்துப் பணம் கொடுங்கள் என்று நாலு வாக்கியத்தில், அவருக்குக் கோபம் வராத தமிழில் சொல்லத் தெரிய வேண்டும். நான் ஆள் எடுக்கும்போது இதைத்தான் சோதிப்பேன். ரேங்க் வாங்கியவர்களே தடுமாறுவார்கள்.

சென்னையின் பக்கமும் நியாயம் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கான இன்ட் ஏ.எஸ். விதிகளின்படி கணக்கு, பல நாட்டுக் கிளைகளைச் சேர்த்துப் போடும் கன்சாலிடேஷன், ஒரே குழுமக் கம்பெனிகள் தங்களுக்குள் வைக்கும் விலையைப் பார்க்கும் டிரான்ஸ்ஃபர் பிரைசிங், இவைதான் உங்கள் ஆசை என்றால் தயங்காமல் ரயிலேறுங்கள். திருப்பூரின் பெரும்பாலான கம்பெனிகளுக்கு இன்ட் ஏ.எஸ். பொருந்துவதே இல்லை, லிஸ்ட் ஆகியிருக்க வேண்டும், அல்லது நிகர மதிப்பு 250 கோடியைத் தொட வேண்டும். பயோடேட்டாவில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் முதல் வேலைக்கு முதல் கதவு சீக்கிரம் திறக்கும் என்பதையும் மறைக்கமாட்டேன். நடுவழி ஒன்றும் இருக்கிறது: கடைசி ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்தை ஒரு தொழில் நிறுவனத்தில் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங்காகச் செய்ய விதி இடம் கொடுக்கிறது. உங்கள் பிரின்சிபலிடம் முதல் வருடத்திலேயே பேசி வைத்துக்கொண்டால் அது கைகூடும்.

முதல் மாதங்களுக்கு வருகிறேன். ஒர்க்கிங் பேப்பர் எழுதப் பழகுங்கள், யாரும் கேட்காவிட்டாலும். எந்த வவுச்சரை ஏன் எடுத்தீர்கள், எதைப் பார்த்தீர்கள், என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பது அந்த வேலையில் சம்பந்தமே இல்லாத இன்னோர் ஆடிட்டருக்கு அதைப் படித்தே விளங்க வேண்டும், எஸ்.ஏ. 230 என்ற ஆடிட் தரவிதி கேட்பது இதைத்தான். டிக் மட்டும் போட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது. எழுதியதைக் கொண்டுபோய் பார்ட்னர் மேசையில் வையுங்கள். நேரமில்லை என்பார். மறுநாளும் வையுங்கள். சில பார்ட்னர்கள் திருத்த மனமில்லாதவர்கள் இல்லை. திருத்தும்படி எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லாததால் பழக்கம் விட்டுப்போனவர்கள்.

ஊர் ஆபீஸ் ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா இருக்கும், பெரும்பாலும் பழைய இனிப்புக் கடை டப்பா. அதில் பெயர்ச்சீட்டு ஒட்டிய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் கிடக்கும், ஐம்பது முதலாளிகளின் கையெழுத்து. பாஸ்வேர்டு சுவரிலேயே ஒட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அவருடைய சம்மதம் எழுத்தில், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது, வராமல் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள், சீனியர் சொன்னாலும். பழைய தேதிக்கு ஒரு என்ட்ரியை மாற்றச் சொன்னாலும் இதே பதில்தான். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தத்தின் தடம் பதிவாக வேண்டும் என்பது சட்டம். யார் எப்போது மாற்றினார்கள் என்று டேலி சொல்லிவிடும்.

இன்னொன்று, உங்களுக்குச் சாதகமானது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். 1961-ஆம் வருடச் சட்டத்தின் பிரிவு எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் எங்களைப் போன்றவர்களெல்லாம் இப்போது பட்டியலை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம். புதிய எண்களை நீங்கள் முதலில் மனதில் ஏற்றிக்கொண்டால், சேர்ந்த இரண்டாவது மாதமே சீனியர்கள் உங்கள் மேசைக்கு வந்து கேட்பார்கள்.

கடைசியாக, அப்பா. அவர் பெருமையாகச் சொன்ன அந்த வாக்கியம்தான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது. உங்கள் ஆபீஸின் வாடிக்கையாளர்களில் உங்கள் அப்பாவிடம் தைக்கக் கொடுக்கும் கம்பெனி ஒன்றாவது நிச்சயம் இருக்கும். திருப்பூர் அவ்வளவு சின்னது. அவருக்குத் தர வேண்டிய தையல் கூலியை மூன்று மாதமாக இழுத்தடிக்கும் கம்பெனியின் வங்கிக் கணக்கு ஒருநாள் உங்கள் திரையில் திறந்திருக்கும். அதில் பணம் இருக்கும். அன்று இரவு வீட்டில் அப்பா, "அந்தக் கம்பெனி இந்த வாரமும் இல்லை என்றுவிட்டது" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். உங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. சென்னைக்குப் போன தோழிக்கு இந்தச் சோதனை அனேகமாக வராது. உங்களுக்கு வரும்.

சேரும் நாளிலேயே அப்பா தைத்துக் கொடுக்கும் கம்பெனிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி பிரின்சிபலிடம் கொடுத்து, அந்த ஃபைல்கள் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல பிரின்சிபல் அதைப் படித்ததும் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். அப்பாவிடமும் சேர்வதற்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். கோபப்படுவார், "அப்பன்கிட்டயேவா?" என்பார். ஆமாம், அப்பாவிடமும்தான்.

அதற்குப் பதிலாக ஊருக்கெல்லாம் பொதுவான ஒன்றை அவருக்குச் சொல்லலாம். அவருடைய பவர் டேபிளுக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் உள்ள கம்பெனி அதிகபட்சம் 45 நாளிலும், ஒப்பந்தம் இல்லாதது 15 நாளிலும் கூலியைத் தீர்க்க வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31 அன்று நிலுவையாக நின்றால், அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கம்பெனி கழித்துக்கொள்ள முடியாது. பழைய சட்டத்தில் 43பி(எச்) என்று சொல்வார்கள். பதிவு இல்லை என்றால் சேர்வதற்கு முன்னால் ஒருநாள் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஆதார் எண்ணும் பான் கார்டும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குத்தான் வரும்.